மாலைக்கு முன் பட்டியல்

ஜூன் முதல் வாரம். மேட்டூர் 12ஆம் தேதி திறக்குமா என்பதுதான் டீக்கடைப் பேச்சு. திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு, என் சித்தப்பா மகன் வாங்கிய புது டிராக்டர் லாரியிலிருந்து இறங்கியது. சித்தி மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார். சாமந்தி மாலை ஏறியது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், முன்னால் கற்பூரம். விற்பனைப் பிரதிநிதி அட்டையில் செய்த இரண்டடிச் சாவி ஒன்றைத் தம்பி கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு மறைவதற்குள் டெலிவரி சீட்டில் கையெழுத்தும் ஆகிவிட்டது. எலுமிச்சை நசுங்க வண்டி நகர்ந்தது.

பத்தடி ஓட்டிப் பார்த்த எங்கள் வீட்டு டிரைவர் இறங்கி வந்து தம்பியின் காதோடு சொன்னார்: "தம்பி, நீங்க டபுள் கிளட்ச்தானே சொன்னீங்க? இது சிங்கிள். பின் டயரும் பதினாலு ஒம்போது இல்ல, பதிமூணு ஆறு."

பிரதிநிதியிடம் பதில் தயாராக இருந்தது. "கம்பெனியிலேர்ந்து இப்ப இதுதாண்ணே வருது. என்ஜின் ஒண்ணுதான், பேரும் ஒண்ணுதான். வேணும்னா பம்பரும் ஹூக்கும் ஃப்ரீயா போட்டுத் தர்றோம். டபுள் கிளட்ச்சே வேணும்னா நாப்பது நாள் ஆகும்." தம்பி வயலைப் பார்த்தான். சித்தி ஒரு வார்த்தைதான் சொன்னார்: "மாலை போட்டு எறக்குன வண்டியத் திருப்பி அனுப்பினா நல்லாவா இருக்கும்?"

வண்டி நின்றுவிட்டது. இலவசம் என்று வந்த பம்பரும் ஹூக்கும் வண்டியோடு சேர்ந்தே வர வேண்டிய சாமான்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆர்டர் கொடுத்தது ஒன்று, வந்தது வேறொன்று என்றால் ஏற்பதா, திருப்புவதா? விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது யோசனை அல்ல; பருவமும் கூச்சமும் மாலையும்தான். என் கருத்து இதுதான்: வேறாக வந்த வண்டியை ஏற்பது சில நேரம் சரியான முடிவாக இருக்கலாம், பார்க்காமல் ஏற்பது எப்போதும் தவறான முடிவு.

மாட்டுக்குப் பல் பார்த்தோம்

நம் ஊரில் மாடு வாங்கியவர்கள் ஏமாளிகளாக இருந்ததில்லை. மணப்பாறைச் சந்தையில் ஒரு ஜோடி வாங்கப் போனவர் முதலில் வாயைத் திறந்து பல் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா. சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பின்னால் போய்க் கால் வீச்சைப் பார்ப்பார். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவார். பேசிய மாட்டுக்குப் பதிலாக வேறு மாட்டைப் பிடித்து வந்து, "இதுவும் காளைதான், கொம்பும் இரண்டுதான்" என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அச்சாரத்தைத் திருப்பி வாங்கியிருப்பார்.

அவருடைய பேரன் எட்டு, ஒன்பது லட்சம் போட்டு டிராக்டர் வாங்கும்போது பல் பார்ப்பதில்லை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மாட்டின் பல் வெளியே தெரியும், கிளட்ச் தெரியாது. ஒரே பெயரில் ஐந்தாறு வகை வருகின்றன. பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இரண்டு எழுத்தில்தான் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. பானெட் மேல் ஸ்டிக்கர் ஒன்றேதான். உள்ளே கியர் பெட்டி வேறு, பிரேக் வேறு, ஹைட்ராலிக் தூக்கும் எடை வேறு.

எது சின்ன வித்தியாசம்?

வித்தியாசம் எல்லாம் ஒரே தரம் அல்ல. சீட் வேறு, முகப்பு விளக்கு வேறு, நிறம் கொஞ்சம் மாறியது என்றால் அதற்காகச் சண்டை போட்டுப் பருவத்தை விடுவது புத்திசாலித்தனம் ஆகாது. வயலில் வேலையைத் தொடும் வித்தியாசம் வேறு விஷயம். எதை எங்கே பூட்டப்போகிறோம் என்பதை வைத்துத்தான் அதை அளக்க முடியும்.

தம்பியின் கதையையே எடுத்துக்கொள்வோம். அவன் டபுள் கிளட்ச் கேட்டது பெருமைக்காக அல்ல. அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டும் பேலர் பூட்டி நாலு காசு பார்க்க நினைத்திருந்தான். உருளையாகக் கட்டும் பேலரில் ஒவ்வொரு கட்டும் நிறைந்தவுடன் வண்டி நிற்க வேண்டும். பின்னால் இருக்கும் இயந்திரமோ சுற்றிக்கொண்டே இருந்து கட்டுக்குக் கயிறு சுற்ற வேண்டும். டபுள் கிளட்ச் வண்டியில் பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், பேலரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு சுற்றும், முழுக்க மிதித்தால்தான் அதுவும் நிற்கும். சிங்கிள் கிளட்ச்சில் மிதித்ததும் இரண்டும் நின்றுவிடும். நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் காலை எடுத்த பிறகுதான் பேலர் மறுபடி சுற்றும். அதற்குள் அதன் வாயில் வைக்கோல் திணிந்து அடைத்துக்கொள்ளும். ஒரு கட்டுக்கு என்றால் பொறுக்கலாம். நாள் முழுக்க, கட்டுக்குக் கட்டு இதே கதை என்றால் டிரைவரின் காலும் தாங்காது, கிளட்ச் தட்டும் தாங்காது. சம்பா அறுப்பு முடிந்த மாசியில், தம்பி தன் பேலரைப் பக்கத்து ஊர்க்காரர் டிராக்டரில் பூட்டி, அவருக்கு வாடகை கொடுத்தான். சொந்த வண்டி கொட்டகையில் நின்றது.

"பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பதும் எளிதல்ல. கிளட்சைத் தொட வேண்டும் என்றால் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். புது வண்டியில் வெளிப் பட்டறையில் இப்படிக் கைவைத்தால் வாரண்டிக்கு வம்பு.

டயரும் அப்படித்தான். 13.6-28, 14.9-28 என்ற எண்களில் முதலாவது டயரின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது ரிம் விட்டம். ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான வித்தியாசம் காகிதத்தில் ஒன்றுமில்லை. சேற்றில் அது பிடிமானம், வண்டி அமிழும் ஆழம். பழைய வண்டியின் டயருக்கு அளவெடுத்துச் செய்த, சேற்றில் ஓட்டும் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் வீட்டில் கிடந்தால், அது புது வண்டிக்குச் சேராமல் போகலாம். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் இன்னும் கவனம் வேண்டும். முன் டயரும் பின் டயரும் ஒரு கணக்கில் பொருந்தியவை. பின் டயரை மட்டும் மாற்றித் தருகிறோம் என்றால் அந்தக் கணக்கு கெட்டு, தேய்மானம் பல்சக்கரங்களில் போய் விழும்.

பிரேக்கையும் பார்க்க வேண்டும். தொளியடிக்கும் வண்டிக்கு எண்ணெயில் மூழ்கிய பிரேக்கும், உலர் பிரேக்கும் ஒன்றாகாது. சேற்றுத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கும் வண்டி அது. குதிரைத்திறனில் வேறொரு சூட்சுமம் இருக்கிறது. விளம்பரத்தில் போடுவது என்ஜினின் திறன். ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. திறன், அது எப்போதும் என்ஜின் திறனைவிடக் குறைவு. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதிக்கப்பட்ட மாடல்களுக்குப் பி.டி.ஓ. திறன், இழுவைத் திறன், ஹைட்ராலிக் தூக்கும் எடை எல்லாம் அறிக்கையில் அச்சாகி வருகின்றன. டீலரிடம் அந்த அறிக்கையைக் கேட்பது மாட்டுக்குப் பல் பார்ப்பது போல.

கடைசியாக, தயாரிப்பு மாதமும் ஆண்டும். போன வருடம் செய்து யார்டில் வெயில் காய்ந்த வண்டியும் "புதுசு" என்ற பெயரில்தான் வரும். நாளை விற்கப் போகும்போது வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி எந்த வருட வண்டி என்பதுதான். பதிவுக்காக டீலர் தரும் படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் சேசிஸ் எண், என்ஜின் எண், குதிரைத்திறன், நிறம், தயாரித்த மாதம், ஆண்டு எல்லாம் இருக்கும். வண்டியில் பொறித்த எண்ணையும் அதையும் ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். மணிக்கணக்கு மீட்டரையும் எட்டிப் பாருங்கள். ஊர் ஊராக டெமோ ஓடிய வண்டியா என்பதை அது சொல்லிவிடும்.

சட்டம் நிற்கும் இடம்

"வண்டி இறங்கிவிட்டது, இனி என்ன செய்ய முடியும்?" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. விவரம் சொல்லி வாங்கும் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்கிறது அதன் 15ஆம் பிரிவு. முன்பே பார்த்திராத பொருளை, ஒப்பந்தப்படி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்குபவர் அதை ஏற்றதாக ஆகாது என்கிறது 41ஆம் பிரிவு.

எப்போது ஏற்றதாகும்? 42ஆம் பிரிவு மூன்று வழி சொல்கிறது. ஏற்றுக்கொண்டேன் என்று விற்பவரிடம் தெரிவித்தால். பொருள் கைக்கு வந்த பின் அதைத் தனக்கே உரியதாகப் பாவித்து ஏதாவது செய்தால். மறுப்பதாகச் சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால். நம் வழக்கத்துக்கு மொழிபெயர்த்தால், "திருப்தியுடன் பெற்றேன்" என்ற டெலிவரி சீட்டுக் கையெழுத்து முதலாவது. நான்கு நாள் உழுது தொளியடித்தது இரண்டாவது. "அடுத்த வாரம் வந்து பேசிக்கொள்ளலாம்" என்று இரண்டு மாதம் விட்டது மூன்றாவது. தம்பி மூன்றையும் செய்தான்.

மறுப்பவருக்கு அதே சட்டம் ஓர் ஆறுதல் வைத்திருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், மறுத்த பொருளை வாங்கியவரே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை. ஏற்க மறுக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும் என்கிறது 43ஆம் பிரிவு. லாரி வாடகை நம் தலையில் அல்ல.

ஏற்றவருக்கும் கதவு முழுக்க மூடிவிடுவதில்லை. வண்டியைத் திருப்பும் உரிமை போய்விடும். வித்தியாசத்துக்கு விலைக் குறைப்போ இழப்பீடோ கேட்கும் உரிமை இருக்கும். 13, 59 ஆகிய பிரிவுகளின் சாரம் இது. ஆனால் கேட்பதற்குக் கையில் காகிதம் வேண்டும்.

வழக்கு என்று வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையத்தின் எல்லை. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எதிர்த்தரப்பு முதலில் வைக்கும் வாதம் "டிராக்டர் வியாபாரத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே அல்ல" என்பதாகத்தான் இருக்கும். இதில் 1995ஆம் ஆண்டின் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு முக்கியமானது. லட்சுமி எஞ்சினியரிங் வழக்கு என்று பெயர்; கோயம்புத்தூரில் ஆர்டர் கொடுத்த ஓர் இயந்திரத்தைப் பற்றியது. இயந்திரம் வாங்கிய நிறுவனம் அதில் தோற்றது, வணிக நோக்கம் என்று சொல்லி. அதே தீர்ப்பு, பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோவோ லாரியோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்றும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோராகவே இருப்பார் என்றும் விளக்கியது. சொந்த நிலத்தை உழுது பிழைக்கும் விவசாயி இந்த விளக்கத்தின் நிழலில் நிற்கலாம். பத்து வண்டி வைத்து வாடகைக்கு விடுபவர் நிற்க முடியாது.

விற்பவர் தரப்பு

டீலர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று எழுதினால் கைதட்டு கிடைக்கும், ஆனால் அது உண்மையாகாது. மாடல்கள் உண்மையிலேயே மாறுகின்றன. 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதி நடைமுறைக்கு வந்தபோது, அந்த வரிசையில் என்ஜின்களே மாறின, விலையும் ஏறியது. 2025 செப்டம்பர் 22இல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியபோது, ஆர்டர் விலையும் பில் விலையும் வேறாகும் சூழல் வந்தது. யார்டில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் டீலர் வட்டி கட்டுகிறார். ஆர்டர் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் பக்கத்து ஷோரூமுக்குப் போகும் விவசாயிகளும் உண்டு.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிச்சம். மாற்றம் வந்தால் அதைச் சொல்ல வேண்டிய நேரம் லாரி கிளம்புவதற்கு முன்னால். கற்பூரம் ஏற்றிய பிறகு அல்ல. ஒரு போன் போதும்: "அண்ணே, நீங்க கேட்டது வரல, இதுதான் இருக்கு, இவ்வளவு குறைச்சுக்கிறோம், அனுப்பட்டுமா?" அந்த போன் வராததில்தான் சந்தேகம் தொடங்குகிறது. விளம்பரத் தாளின் அடியில் "முன்னறிவிப்பின்றி மாற்றத்துக்கு உட்பட்டது" என்று பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினால், அது விளம்பரத்துக்கான வாசகம் என்று சொல்லுங்கள். நம்மைக் கட்டுப்படுத்துவது நாம் கையெழுத்திட்ட ஆர்டர் சீட்டு. அதற்காகவே அந்தச் சீட்டைக் கையெழுத்துக்கு முன் முழுதாகப் படிக்க வேண்டும்.

ஏற்பதா, மறுப்பதா?

மூன்று கேள்விகளில் முடிவுக்கு வந்துவிடலாம். ஒன்று, இந்த வித்தியாசம் நான் செய்யப்போகும் வேலையைத் தொடுகிறதா? இரண்டு, பிறகு மாற்ற முடியுமா? மூன்று, சரியான வண்டி வரும்வரை என் வயல் காத்திருக்குமா?

வேலையைத் தொடுகிறது, மாற்றவும் முடியாது என்றால் மறுப்பதுதான் சரி. கிளட்ச், கியர் பெட்டி, பிரேக், நான்கு சக்கர இயக்கம், தயாரிப்பு ஆண்டு இந்த வகை. பருவம் பயமுறுத்தும். ஆனால் ஒரு குறுவைக்கு வாடகை வண்டி வைத்து உழலாம். வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு உழவன் செயலியிலேயே பதியலாம். ஒரு பருவத்து வாடகையையும், பத்து வருடம் உடன் வாழப்போகும் வண்டியையும் எடை போட்டால் தட்டு எந்தப் பக்கம் இறங்கும் என்பது தெரிந்ததே. மானியத்தில் வாங்குபவருக்கு மறுப்பது இன்னும் அவசியம். ஒப்புதல் ஆணையில் ஒரு மாடலும் வாசலில் வேறு மாடலும் நின்றால், மானியமே சிக்கலாகும்.

வேலையைத் தொடுகிறது, ஆனால் மாற்ற முடியும் என்றால், மாற்றித் தரும் தேதியை எழுதி வாங்கிக்கொண்டு ஏற்கலாம். வேலையைத் தொடவில்லை என்றால், விலையில் குறைத்துக்கொண்டு ஏற்கலாம். குறைப்பு பில்லில் வர வேண்டும். "அப்புறம் சர்வீசில் பார்த்துக்கொள்கிறோம்" என்பது குறைப்பு ஆகாது.

எப்படி ஏற்றாலும் டெலிவரி சீட்டில் கைப்பட ஒரு வரி எழுதுங்கள்: "ஆர்டரில் டபுள் கிளட்ச், வந்தது சிங்கிள் கிளட்ச். ஆட்சேபத்துடன் பெறுகிறேன்." கீழே தேதி, கையெழுத்து. செல்போனில் அதைப் படம் எடுத்து, டீலரின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள். நாளை ஆணையத்தின் முன் பேசப்போவது அந்த ஒரு வரிதான். பதிவுக்கும் அவசரப்பட வேண்டாம். பதிவெண் ஏறிவிட்டால் "இனி இது செகண்ட் ஹேண்ட் வண்டி, எப்படித் திரும்ப எடுப்பது?" என்பார்கள்.

கடனில் வாங்கியவர் கையில் அவருக்கே தெரியாத ஒரு சாட்சி இருக்கிறது. டீலர் கொடுத்த விலைப்புள்ளியை வைத்துத்தான் வங்கி கடன் தருகிறது. மாடலும் விலையும் எழுதிய அந்தத் தாள் வங்கிக் கோப்பில் இருக்கும். ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கியும் அரசும்

விவசாயியின் கவனத்தை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. நிலத்தை அடமானமாக வாங்கிக்கொண்டு, பணத்தை நேராக டீலர் கணக்குக்கு அனுப்பும் வங்கி, வந்த வண்டி விலைப்புள்ளியில் உள்ள வண்டிதானா என்று கடன் வாங்கியவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிய பிறகு கடைசித் தவணையை விடுவிக்கலாம். வங்கிக்கும் அது பாதுகாப்பு. அடமானத்தில் இருக்கும் வண்டி எதுவென்று அதற்கும் தெரிய வேண்டாமா?

வேளாண் பொறியியல் துறை ஒரு பக்க ஆர்டர் படிவம் தமிழில் தயாரித்துத் தரலாம். மாடல், துணை எழுத்துகள் உட்பட, கிளட்ச், பிரேக், ஸ்டியரிங், டயர் அளவு, பி.டி.ஓ. திறன், தூக்கும் எடை, தயாரிப்பு மாதம், ஆண்டு, உடன் வரும் சாமான்கள், விலை, டெலிவரி தேதி. பக்கத்தில் இரண்டு கட்டம்: கேட்டது, வந்தது. கீழே இருவர் கையெழுத்து. மானியத்துக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் அந்தத் தாள் கட்டாயம் என்று ஆக்கினால், முன்னால் சொன்ன அந்த ஒரு போன் தானாக வரத் தொடங்கும்.

அதுவரை, அரைப் பக்க நோட்டுத் தாளில் நாமே எழுதிக்கொள்ளலாம். போன ஐப்பசியில் தம்பி ரோட்டவேட்டர் வாங்கினான். இறக்கியதும் சித்தி தட்டோடு வந்தார். "இரும்மா" என்று சொல்லிவிட்டு அவன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தான். பிளேடுகளை எண்ணினான், அகலத்தை டேப் வைத்து அளந்தான், எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டான். டிரைவர் தலையாட்டிய பிறகுதான் கற்பூரம் ஏறியது.

உங்கள் வாசலில் வண்டி இறங்கும் நாளிலும் அப்படியே செய்யுங்கள். முதலில் பட்டியல், பிறகு மாலை. தேங்காய் உடைக்க அரை மணி தாமதமானால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.